ஆறு குரோஸ்னா எத்தனை பெட்டி?

வாசகர் கேள்வி பதில்: வேலைக்குப் போற பிள்ளைங்களும் படிப்பும்

ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள் வருதேன்னு போன இதழ்ல, வேலைக்குப் போற பிள்ளைங்களோட படிப்பு பத்தி என்ன கேக்கணும்னாலும் எழுதுங்கன்னு ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம். இத்தனை கடிதம் வரும்னு நான் நினைக்கல. நிறைய பேரு அவங்க தெருவுல, எதிர் கடையில, சொந்த வீட்டு வாசல்ல பாத்த ஒரு பிள்ளைய பத்தி எழுதியிருக்கீங்க, படிக்கப் படிக்க மனசு கனத்துப் போச்சு. நான் சிவகாசி சாத்தூர் பக்கம் குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பள்ளியில பதினோரு வருஷம் டீச்சரா இருந்தவ, அதனால கண்ணால பாத்தத வச்சுத்தான் பதில் சொல்றேன்.

எங்க கம்பெனிக்கு எதிர்ல இருக்கற டீக்கடையில 11 வயசுப் பையன் ஒருத்தன் கிளாஸ் கழுவுறான் அக்கா. மூணாவதோட நின்னுட்டானாம். ராத்திரி ஒரு மணி நேரம் நானே சொல்லிக் குடுக்கறேன்னு முதலாளிகிட்ட கேட்டேன், அவரும் சரின்னுட்டார். எங்கருந்து ஆரம்பிக்கறது? (வாசகர், திருப்பூர்)

தம்பி, தினமும் கடந்து போற ஒரு பையன நின்னு பாத்து, எத்தனாவது படிச்சன்னு கேட்டீங்க பாருங்க, அது எல்லாருக்கும் வராது. ஆனா நீங்க ஆரம்பிக்க வேண்டிய இடம் ராத்திரி ஒரு மணி நேரம் இல்ல. அவன் பகல்ல அந்தக் கடையிலயே இருக்கக் கூடாது. 2016ல சட்டத்த திருத்தினதுக்கப்புறம் 14 வயசுக்குள்ள இருக்கற பிள்ளைய எந்த வேலையிலயும் வைக்கக் கூடாது, ஸ்கூல் விட்டு வந்து சொந்தக் குடும்பத்துக்கு ஒத்தாசை பண்றதும் சினிமா டிவியில நடிக்கறதும் மட்டும்தான் விதிவிலக்கு, அதுக்கும் நிறைய கட்டுப்பாடு இருக்கு. அதனால முதலாளி சரின்னு சொன்னது பெரிய மனசுன்னு எடுத்துக்காதீங்க.

குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க. பண்றதுக்கு முன்னாடி முதலாளிகிட்டயோ பக்கத்துக் கடையிலயோ இதப் பத்தி மூச்சு விடாதீங்க, நான் பாத்திருக்கேன், பேச்சு வெளிய வந்த அன்னைக்கு ராத்திரியே பையன வேற ஊருக்கு பஸ் ஏத்தி விட்டுட்டாங்க, அதுக்கப்புறம் அவன் எங்க இருக்கான்னே எங்களால கண்டுபிடிக்க முடியல. போலீஸ்ல புடிச்சுக் குடுத்த பாவம் வந்துருமோன்னு பயப்படாதீங்க, குத்தவாளி அந்தப் பையன் இல்ல, வேலைக்கு வச்சவர்தான், அவருக்கு 6 மாசத்துலருந்து 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா 20,000லருந்து 50,000 ரூபா அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். அப்பா அம்மாவுக்கு முதல் தடவை தண்டனையே கிடையாது. பையன குழந்தைகள் நலக் குழு முன்னாடி நிறுத்துவாங்க, வீட்ட கண்டுபிடிச்சு ஒப்படைப்பாங்க.

இதுக்கு அப்புறம்தான் தம்பி நீங்க வேணும். மீட்டு வீட்டுக்கு அனுப்பின பிள்ளைங்கள்ல பல பேரு கொஞ்ச நாள்லயே இன்னொரு ஊர்ல இன்னொரு கடையில நிப்பாங்க, ஏன்னா மீட்ட அன்னைக்கு போட்டோ எடுக்க ஆள் இருக்கும், ரெண்டாவது மாசம் "ஏன்டா நேத்து ஸ்கூலுக்கு வரல"ன்னு கேக்க ஆள் இருக்காது. அவங்க குடும்பம் திருப்பூர்லயே இருந்தா, நீங்க சொன்ன அந்த ஒரு மணி நேரத்த அவன் ஸ்கூல் விட்டு வந்தப்புறம் குடுங்க. ஊருக்குப் போயிட்டான்னா வாரத்துக்கு ஒரு தடவை போன் போட்டு அவன்கிட்டயும் அவங்கம்மாகிட்டயும் பேசுங்க, ஒரு வருஷம் விடாம.

எங்க வீட்ல வேலை செய்யற அக்காவோட பொண்ணுக்கு 13 வயசு. ஊர்ல நாலாவதோட நிறுத்திட்டு இங்க வந்து அம்மாவோட சேந்து பாத்திரம் தேய்க்கறா. ஸ்கூல்ல சேக்கப் போனா டிசி கேக்கறாங்க, பிறப்புச் சான்றிதழ் கேக்கறாங்க, 13 வயசுப் பொண்ண அஞ்சாவதுல எப்படி உக்கார வைக்கறதுன்னும் கேக்கறாங்க. (வாசகி, சென்னை)

மூணுக்கும் சட்டத்துலயே பதில் இருக்கும்மா. 2009ல கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்துச்சு, 2010 ஏப்ரல் 1லருந்து நடைமுறையில இருக்கு. அதுல 4, 5, 14 இந்த மூணு பிரிவையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கையில வச்சுக்குங்க. 14வது பிரிவு, வயசுச் சான்று இல்லன்னு எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு சொல்லுது. 5வது பிரிவு, டிசி வர லேட்டாகுதுங்கறத காரணமா வச்சு சேத்துக்காம இருக்கக் கூடாதுங்குது. 4வது பிரிவுதான் உங்களுக்கு முக்கியம், நடுவுல நின்ன பிள்ளைய வயசுக்கேத்த வகுப்புல சேக்கணும், மத்த பிள்ளைங்க அளவுக்கு வர்றதுக்கு தனிப் பயிற்சி குடுக்கணும், 14 வயசு தாண்டினாலும் எட்டாவது முடிக்கற வரைக்கும் இலவசமா படிக்கலாம். அதாவது 13 வயசுப் பொண்ணுக்கு எட்டாவது. ஏரியாவுல வட்டார வள மையம்னு ஒண்ணு இருக்கும், அங்க பள்ளி செல்லாக் குழந்தைகள பாக்கறதுக்குன்னே ஆள் இருப்பாங்க, எழுத்துல மனு குடுத்து, வாங்கிட்டேன்னு கையெழுத்து வாங்கிக்குங்க.

சட்டம் தெரிஞ்சும் நான் ஒரு தடவை ஏமாந்தேன், அதயும் சொல்லிடறேன். எங்ககிட்ட ஒம்பது மாசம் படிச்ச ஒரு பொண்ண ஒரு ஸ்கூல்ல ஏழாவதுல சேத்துட்டு வந்தேன், சேத்தாச்சுன்னு ரெஜிஸ்டர்ல எழுதி நிம்மதியா இருந்துட்டேன். மூணு வாரம் கழிச்சு அவ அம்மா சொல்லித்தான் தெரியுது, பொண்ணு நாலு நாள்தான் போயிருக்கா. கடைசி பெஞ்சுல உக்கார வச்சு முத நாளே எந்திரிச்சு வாசிக்கச் சொல்லியிருக்காங்க, அவளுக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும், அத்தன பிள்ளைங்களும் சிரிச்சிருக்கு. அவ எழுந்து போயிட்டா. வாசிக்கச் சொன்ன டீச்சருக்கு அவ யாரு எங்கருந்து வந்தான்னே தெரியாது, நான் சொல்லவே இல்ல, அது என் தப்புதான். அதுக்கப்புறம் ஒவ்வொரு பிள்ளைய சேக்கும்போதும் வகுப்பு டீச்சர தனியா பாத்து அரை மணி நேரம் பேசாம நான் வந்ததில்ல. உங்க வீட்டு அக்கா பொண்ணுக்காக அந்த அரை மணி நேரம் நீங்க பேசுங்கம்மா, அவங்க அம்மாவுக்கு அங்க பேசக் கூச்சமா இருக்கும்.

நானும் என் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரும் சாயங்காலம் எங்க தெருவுல இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு சொல்லித் தர்றோம் டீச்சர். ஒருத்தனுக்கு 12 வயசு, அவன் பேர்கூட எழுதத் தெரியல. ரெண்டு மாசமா அ ஆ இ ஈ எழுத வைக்கறோம், ஏறவே மாட்டேங்குது. அவனுக்கு மூளை அவ்வளவுதானா? (கல்லூரி மாணவி, கோவில்பட்டி)

மூளைக்கு ஒண்ணும் இல்ல பாப்பா. நீங்க ஆரம்பிச்ச இடம்தான் சரியில்ல. அ ஆ இ ஈ-ன்னு ஆரம்பிச்சா 12 வயசுப் பையனுக்கு முதல்ல வெக்கம், தம்பி தங்கச்சி பால்வாடியில சொல்றத நான் சொல்றதான்னு. அதவிட பெரிய சங்கடம், இ, ஐ, ஓ எல்லாம் சுழிச்சு வளைச்சு எழுதறது, ஏற்கனவே பென்சில் புடிக்காத கைக்கு அதுதான் இருக்கறதுலயே கஷ்டம். சரி கஷ்டப்பட்டு பன்னெண்டும் கத்துக்கிட்டான்னே வைங்க, பஸ் போர்ட்ல ஒரு ஊர் பேர வாசிக்க முடியுமா? உயிரெழுத்து வார்த்தைக்கு முன்னாடிதானே வரும். ரெண்டு மாசம் பாடுபட்டும் ஒரு வார்த்தை வாசிக்க முடியலன்னா பெரியவங்களே விட்டுட்டுப் போயிடுவாங்க, அவன் என்ன பண்ணுவான்.

நாங்க ட, ப, ம இந்த மூணுலதான் ஆரம்பிப்போம். நேர் கோடு, பக்கக் கோடு, அவ்வளவுதான், ம-வுக்கு மட்டும் ஒரு சின்ன வளைவு. முத நாள் இந்த மூணு. ரெண்டாம் நாள் மேல புள்ளி வச்சா எப்படிச் சத்தம் மாறுது, கால் போட்டா எப்படி நீளுதுன்னு சொல்லிட்டா போதும், படம், பட்டம், பாடம், மாடம், மட்டம், டப்பா எல்லாம் வாசிச்சிடுவான். எங்க பக்கம் இதுல இன்னொரு லாபமும் உண்டு. பட்டா வரைக்கும் வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு சு ஒண்ணு சொல்லிக் குடுத்தா பட்டாசு ஆயிடும். சிவகாசியில அந்த வார்த்தை இல்லாத தெரு ஏது? நாலாவது நாள் ஒரு பொண்ணு மூச்சு வாங்க ஓடி வந்து, டீச்சர் பஸ்ஸு ஜன்னல்ல உக்காந்து பாத்தேன் ரோடு முழுக்க பட்டாசு பட்டாசு பட்டாசுன்னுதான் எழுதியிருக்கு, இத்தன நாளா இதத்தான் எழுதி வச்சிருந்தாங்களான்னு கேட்டா. அந்தப் பொண்ணு பட்டாசு வேலைக்கே மூணு வருஷம் போனவ.

247 எழுத்துன்னு சொல்லி பயமுறுத்தாதீங்க. 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், மத்ததெல்லாம் கால், கொம்பு, சுழின்னு ஒட்டு போடறதுதான். ட, ப, ம-வுக்கு அப்புறம் ர, க, த, ந, ச, வ-ன்னு அவன் பேர்ல, அவங்க ஊர் பேர்ல வர்ற எழுத்தா பாத்து எடுத்துக்குங்க. தினமும் ரெண்டு மணி நேரம் உக்காந்தா மூணு மாசத்துல எழுத்துக் கூட்டி வாசிச்சிடுவாங்க, எங்ககிட்ட பெரும்பாலான பிள்ளைங்க அப்படித்தான். உயிரெழுத்த நடுவுல ஒவ்வொண்ணா சேத்துக்கலாம்.

நோட்டுக்கு முன்னாடி சிலேட்டு குடுங்க. தீப்பெட்டி ஒட்டின பிள்ளைங்க கைய பாத்திருக்கீங்களா, விரல் நுனியெல்லாம் பசை காஞ்சு தோலு உரிஞ்சிருக்கும், சின்னச் சின்ன வேலைய கண்ண மூடிட்டு மின்னல் மாதிரி செய்யற அந்தக் கை பென்சிலப் புடிச்சா மட்டும் மரக்கட்டை மாதிரி இறுகிடும், அழுத்தற அழுத்துல பேப்பர் கிழிஞ்சிடும், கிழிஞ்சதும் அடி விழும்னு நம்மள நிமிந்து பாப்பாங்க. சிலேட்டுன்னா கிழியாது, தப்புன்னா அழிச்சிடலாம்.

இன்னொண்ணு நான் லேட்டா புரிஞ்சுக்கிட்டது. ஒரு பையன் தினமும் வந்ததும் "இன்னைக்கு எத்தன பக்கம் டீச்சர்"னு கேப்பான். நான் ஆசையாக்கும்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் புரிஞ்சது, அவன் பீஸ் ரேட்டுல வளந்தவன், இத்தன முடிச்சா வீட்டுக்குப் போலாம்னுதான் அவனுக்குத் தெரியும். மடமடன்னு பக்கத்த நிரப்பித் தள்ளிடுவான், ஒண்ணும் மண்டையில ஏறியிருக்காது. அவனுக்கு எழுத்து வேலைய நிறுத்திட்டு ஒரு மாசம் கதை மட்டும் சொன்னேன், பாதியில நிறுத்தி அடுத்து என்ன ஆகும்னு அவனையே சொல்ல வச்சேன், எத்தனங்கற கேள்வி அப்பத்தான் நின்னுச்சு.

அப்புறம் கணக்கு. தயவு செஞ்சு ஒண்ணு ரெண்டு மூணுலருந்து ஆரம்பிக்காதீங்க, அவங்களுக்கு நம்மளவிட நல்லாத் தெரியும். ஒரு பத்து வயசுப் பொண்ணுகிட்ட சும்மா ஆறு குரோஸ்னா எத்தன பெட்டின்னு கேட்டேன். குரோஸ்னா 144 தீப்பெட்டி, பன்னெண்டு டஜன். அவ விரல்கூட மடக்கல, 864ன்னு சொல்லிட்டா. எப்படின்னு கேட்டா, "நாலு குரோஸ் 576, ரெண்டு குரோஸ் 288, சேத்துப் பாருங்க"ன்னா. அதே பொண்ணுகிட்ட சிலேட்டுல 144, பெருக்கல் குறி, 6ன்னு எழுதிக் காட்டினா முழிக்கறா, அது என்ன படம்னு தெரியல அவளுக்கு. கணக்கு அவகிட்ட இருக்கு, அத எழுதற விதம்தான் இல்ல. அவ சொன்னத அவ சொன்ன மாதிரியே, 576க்கு கீழ 288 போட்டு கூட்டி எழுதிக் காட்டினேன். "நான் சொன்னது இதுவா"ன்னு தொட்டுத் தொட்டுப் பாத்தா. உங்க பையன் என்ன வேலை செஞ்சான்னு நீங்க எழுதல, ஆனா எந்த வேலையா இருந்தாலும் அதுக்குள்ள ஒரு கணக்கு இருக்கும் பாப்பா, டீக்கடைன்னா சில்லறை, மெக்கானிக் ஷாப்னா ஸ்பேனர் சைஸு. அத முதல்ல அவன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

பகல்ல வேலை, ராத்திரி படிப்புன்னு வச்சா ரெண்டும் நடக்குமே? ஏழைக் குடும்பத்துக்கு வருமானமும் போகாது, பிள்ளையும் படிக்கும். இரவுப் பள்ளி நிறைய திறந்தா என்ன? (வாசகர், விருதுநகர்)

ஐயா, இந்த எண்ணம் நல்ல மனசுலருந்துதான் வருது, நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சேன். ஆனா நம்ம மாவட்டத்துக் கதை உங்களுக்குத் தெரியாததா, 80கள்ல 90கள்ல விடிகாலை மூணு நாலு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ்ஸு ஊர் ஊரா வந்து தூங்கற பிள்ளைய எழுப்பி ஏத்திட்டுப் போகும், திரும்பி வர ராத்திரி ஏழு எட்டு ஆயிடும். அந்தப் பிள்ளை அதுக்கப்புறம் லைட்டுக்குக் கீழ உக்காந்து என்ன படிக்கும்? எங்க சித்தி ஊர்ல அப்படி ஒரு இரவுப் பள்ளி நடந்துச்சு, சின்ன வயசுல நான் போய்ப் பாத்திருக்கேன், சிலேட்டு மேலயே தலைய வச்சுத் தூங்கிட்டிருப்பாங்க, அங்க இருந்த சார் எழுப்ப மனசு வராம விசிறி விட்டுட்டு உக்காந்திருப்பார். வளந்தவங்களுக்கு இரவுப் பள்ளி நல்லது, அறிவொளி இயக்கத்துல 90கள்ல எத்தன அம்மாமார் அப்படி எழுதப் படிக்கக் கத்துக்கிட்டாங்க. பத்து வயசுப் பிள்ளைக்கு அது ஆகாது.

ஆந்திராவுல, இப்ப தெலங்கானாவுல இருக்கற ரங்காரெட்டி மாவட்டத்துல, பேராசிரியர் சாந்தா சின்ஹாவும் எம்.வி. ஃபவுண்டேஷன்ங்கற தொண்டு நிறுவனமும் 1991லருந்து இதுக்கு நேர் எதிரான வழியில போனாங்க. ஸ்கூல்ல இல்லாத எந்தப் பிள்ளையும் குழந்தைத் தொழிலாளிதான், அது ஆடு மேய்ச்சாலும் சரி வீட்டுல தம்பியப் பாத்துக்கிட்டாலும் சரின்னு சொன்னாங்க. வேலைய விட்டு மொத்தமா வெளிய எடுத்து, தங்கிப் படிக்கற முகாம்ல சில மாசம் வச்சு, அதுக்கப்புறம் சாதாரண அரசுப் பள்ளியில வயசுக்கேத்த வகுப்புல சேத்தாங்க. சாந்தா சின்ஹாவுக்கு 2003ல மகசேசே விருது குடுத்தாங்க. வேலையும் இருக்கட்டும் படிப்பும் இருக்கட்டும்னு அவங்க விட்டுக் குடுத்திருந்தா அத்தன பிள்ளைங்க வெளிய வந்திருக்காது.

2016 சட்டத்துல குடும்பத் தொழிலுக்கு ஸ்கூல் விட்டு வந்து உதவலாம்னு ஒரு விலக்கு குடுத்திருக்காங்கன்னு மேல சொன்னேன்ல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு. வீட்டுக்குள்ளயே பெட்டி ஒட்டற ஊர்ல எது குடும்பத் தொழில், எது கம்பெனி வேலைன்னு யார் வந்து பிரிச்சுப் பாப்பாங்க? ஏஜென்ட் சரக்க வீட்டு வாசல்ல இறக்கிட்டுப் போவார், ராத்திரி பத்து மணி வரைக்கும் பிள்ளைங்க ஒட்டும், கேட்டா அம்மாவுக்கு ஒத்தாசைம்பாங்க.

அப்ப அந்தக் குடும்பம் எப்படிச் சாப்பிடும்? நீங்க எல்லாரும் பிள்ளைய படிக்க வை படிக்க வைன்னு சொல்றீங்க, ஈடு யார் குடுப்பா? (வாசகி, குடியாத்தம்)

நீங்க கோவமா கேட்டிருக்கீங்க, கேக்க வேண்டிய கோவம்தான்.

காசுன்னு பாத்தா சட்டத்துல ஒரு வழி இருக்கு. 1996 டிசம்பர் 10ல எம்.சி. மேத்தா வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு, அந்த வழக்கு ஆரம்பிச்சதே சிவகாசி ஃபேக்டரிங்கள வச்சுத்தான். ஆபத்தான வேலைக்கு பிள்ளைய வச்ச முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபா கட்டணும், அந்த வீட்ல ஒரு பெரியவங்களுக்கு அரசு வேலை பாத்துக் குடுக்கணும், முடியலன்னா அரசு 5,000 ரூபா போடணும், அந்தப் பணத்த டெபாசிட் பண்ணி வட்டிய குடும்பத்துக்குக் குடுக்கணும், பிள்ளை ஸ்கூலுக்குப் போயிட்டிருக்கற வரைக்கும். 2016 திருத்தத்துல மறுவாழ்வு நிதின்னு சட்டத்துக்குள்ளயே வச்சு, அபராதத் தொகையோட ஒரு பிள்ளைக்கு அரசு 15,000 ரூபா போடணும்னும் எழுதிட்டாங்க. மீட்ட பிள்ளையோட குடும்பத்துல பாதிப் பேருக்கு இப்படி ஒரு பணம் இருக்கறதே தெரியாது, அதனால உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது இருந்தா கலெக்டர் ஆபீஸ்ல, தொழிலாளர் துறையில இந்த நிதி பத்தி கேக்கச் சொல்லுங்க.

1988ல ஆரம்பிச்ச தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்துல, எங்கள மாதிரி சிறப்புப் பள்ளியில, பிள்ளைங்களுக்கு மதியச் சாப்பாடும் மாசம் ஒரு சின்ன உதவித்தொகையும் குடுத்தாங்க. ரொம்ப வருஷம் 150 ரூபாயா இருந்துச்சு, 2017ல 400 ஆக்கினாங்க. 2021ல அந்தத் திட்டத்தையே சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக் கல்வித் திட்டத்தோட சேத்துட்டாங்க, தனிப் பள்ளி போச்சு. எனக்கு அது இன்னும் ஆறல. 400 ரூபா பெரிய காசில்லதான், ஆனா அந்தப் பிள்ளை பேர்ல பேங்க் புக்குல வந்து விழும், அம்மாமார் அத எடுத்துப் பாத்துப் பாத்து வைப்பாங்க.

ஆனா நான் பாத்த வரைக்கும் பிள்ளைய வேலையிலயே புடிச்சு வைக்கறது தினக்கூலியவிட அட்வான்ஸ்தான். ஒரு அப்பா என்கிட்ட சொன்னார், "டீச்சரம்மா, எனக்கு மட்டும் ஆசையில்லயா, மூத்தவ கல்யாணத்துக்கு ஏஜென்ட்கிட்ட மூவாயிரம் வாங்கிட்டேன், இவ போகலன்னா நாளைக்குக் காலையில வாசல்ல வந்து நிப்பான்." அது 2004 வாக்குல, அந்த மூவாயிரம் அவருக்கு மலை. பிள்ளையோட கூலிய ஈடு வச்சு கடன் குடுக்கறது தப்பு, கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லயே வந்தாச்சுன்னு நான் சட்டம் பேசினேன், அவர் தலைய ஆட்டினார், ஆனா சாயங்காலம் ஏஜென்ட் வந்தா நானா இருக்கப் போறேன்? கடைசியில அந்தத் தெரு மகளிர் குழு அக்காங்கதான் குழுவுலருந்து அவர் சம்சாரத்துக்குக் கடன் போட்டுக் குடுத்தாங்க, பத்து மாசத் தவணை. பொண்ணு திங்கக்கிழமை ஸ்கூலுக்கு வந்தா. அதனால எந்த வீட்டுக்குப் போனாலும் பிள்ளை எவ்வளவு சம்பாதிக்குதுன்னு கேக்கறதோட நிறுத்தாதீங்க, யார்கிட்ட எவ்வளவு வாங்கியிருக்கீங்கன்னும் கேளுங்க.

சாப்பாடு பத்தியும் சொல்லணும். 1956ல காமராஜர் மதிய உணவு ஆரம்பிச்சார், 1982ல எம்.ஜி.ஆர். அத சத்துணவா பெருசாக்கினார், 2022 செப்டம்பர்ல மதுரையில காலை உணவும் வந்துச்சு. இதோட அருமை பசிச்ச வயித்துக்குத்தான் தெரியும். என் ஆதங்கம் என்னன்னா காலைச் சாப்பாடு 1லருந்து 5 வரைக்கும்தான். நான் சொல்ற பிள்ளைங்க 11, 12, 13 வயசுல திரும்பி வர்றவங்க, 6, 7, 8ல உக்காருவாங்க, அவங்க அம்மா விடிஞ்சும் விடியாம வேலைக்குப் போயிடுவாங்க. பசியோட வர்றவங்கள்ல இவங்கதான் அதிகம். அந்த வகுப்புங்களுக்கும் காலையில நாலு இட்லி கிடைச்சா எத்தனையோ பேரு நிப்பாங்கன்னு நான் உறுதியா நம்பறேன்.

நான் சைட் இன்ஜினியர். எங்க சைட்டுக்குப் பக்கத்துல செங்கல் சூளை. ஒடிசா குடும்பங்க, பிள்ளைங்க பச்சக் கல்ல புரட்டிப் போட்டுட்டிருக்கு. தமிழே தெரியாது. இவங்கள எந்தப் பள்ளியில சேக்கறது? (வாசகர், திருவள்ளூர்)

சூளையில சின்னப் பிள்ளைங்களத்தான் கல்லு புரட்ட விடுவாங்க, வெயிட் கம்மி, மேல நடந்தாலும் ஈரக்கல்லு உடையாதுன்னு. ஒடிசாவுல பலாங்கீர், நுவாபடா பக்கத்துலருந்து நிறைய பேரு வர்றாங்க, அட்வான்ஸ் வாங்கிட்டு குடும்பத்தோட கிளம்பி வந்து ஜூன் வாக்குல மழைக்கு முன்னாடி திரும்பிடுவாங்க. அதனால அங்கயும் ஸ்கூல் பாதியில போச்சு, இங்கயும் இல்ல.

உங்க மாவட்டத்துல சூளைக்குப் பக்கத்துலயே ஒடியா தெரிஞ்ச ஆள வச்சு, ஒடியா பாடப் புத்தகத்தோட மையம் நடத்தின அனுபவம் கல்வித் துறைக்கு இருக்கு, அதனால வட்டார வள மையத்துல சூளை இருக்கற இடத்தையும் பிள்ளைங்க எண்ணிக்கையையும் குடுங்க, உடனே குடுங்க, சீசன் முடிஞ்சா புண்ணியமில்ல. தமிழ் தெரியணுங்கற கட்டாயம் சேக்கறதுக்குக் கிடையாது. எழுதப் படிக்கறது அவங்க மொழியில கத்துக்கட்டும், தமிழ் கூட விளையாடற பிள்ளைங்ககிட்டருந்து தானா வரும். ஊருக்குத் திரும்பும்போது இத்தன மாசம் இங்க படிச்சாங்கன்னு ஒரு சான்று கையில குடுத்து விடச் சொல்லி விடாமக் கேளுங்க, அது இல்லாமத்தான் அங்க போய் திரும்ப பழைய வகுப்புலயே உக்காருதுங்க.

என் தம்பிக்கு 16 ஆகுது, ஏழாவதோட நின்னு ஒர்க் ஷாப்புக்குப் போறான். இனிமே படிப்பு அவ்வளவுதானா? (வாசகி, பரமக்குடி)

இல்லம்மா. 14 தாண்டினவங்க ஆபத்தான வேலை தவிர மத்ததுக்குப் போகலாம்னு சட்டம் விடுது, ஆனா படிக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல. நம்ம அரசுத் தேர்வுத் துறை எட்டாவதுக்கு தனித்தேர்வு நடத்துது, அத எழுதலாம். எட்டாவது பாஸானா ஐடிஐயில வெல்டர், வயர்மேன் மாதிரி சில ட்ரேடுல சேரலாம், ஒர்க் ஷாப் கை இருக்கற பையனுக்கு அது தண்ணி பட்ட பாடா இருக்கும். பத்தாவதுதான் வேணும்னா என்ஐஓஎஸ் திறந்தநிலைப் பள்ளியிலயும் எழுதலாம், 14 முடிஞ்சிருந்தா போதும். கடைசியா படிச்ச ஸ்கூல்ல போய் அவனோட டிசியும், ஏழாவது வரைக்கும் படிச்ச ரெக்கார்டும் முதல்ல எடுத்து வைங்க. அவனுக்கு ஸ்பேனர்ல இஷ்டமா வயரிங்ல இஷ்டமான்னு கேட்டு எழுதுங்க, பக்கத்துல எந்த ஐடிஐயில என்ன ட்ரேடு இருக்குன்னு நான் விசாரிச்சுச் சொல்றேன்.